பண்டிதர் கேள்வி கேட்ட மன்றம்

அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவு
கொல்லிமலை, செம்மேடு



காரவள்ளியில் பேருந்துக்குள் பறைகளை ஏற்றும்போது நடத்துநர் எங்களைப் பார்த்து, "மேல ஏதாச்சும் எழவுங்களா?" என்று கேட்டார். "இல்லீங்கண்ணா, இலக்கியக் கூட்டம்" என்றோம். அவர் ஒரு முறை பறையைப் பார்த்தார், ஒரு முறை எங்களைப் பார்த்தார், டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போய்விட்டார். அவர்மேல் எங்களுக்கு வருத்தமில்லை. இலக்கியக் கூட்டத்துக்குப் பறை எதற்கு என்று எங்கள் வீட்டுப் பெரியவர்களே கேட்டிருக்கிறார்கள். ஆனால் எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி முடிகிற வரை அந்தக் கேள்வியையே பேசிக்கொண்டு வந்தோம். ஒரு கருவியைப் பார்த்ததும் அது ஒலிக்க வேண்டிய இடம் இன்னது என்று ஒருவருக்கு உடனே தெரிந்துவிடுகிறது. யார் சொல்லிக் கொடுத்தார்கள்? இன்றைய உரைக்கு வேறு தலைப்பில்தான் குறிப்பு எடுத்து வைத்திருந்தோம். வரும் வழியில் மாற்றிக்கொண்டோம் என்று சொல்வதில் வெட்கமில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த மலை எங்களுடையது அல்ல. மலையாளிப் பழங்குடி மக்களின் மலை இது. சாமையும் தினையும் விளைத்து, மிளகும் காப்பியும் வளர்த்து இதைக் காப்பாற்றி வருகிறவர்கள் அவர்கள். நாங்கள் விருந்தாளிகள். அப்படியிருக்க, சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்கிற ஒரு செங்கல் கட்டடத்தைப் பற்றி இந்த மலைமேல் வந்து ஏன் பேச வேண்டும் என்று மாணவர்கள் கேட்கலாம். பேச வேண்டிய காரணம் பண்டிதர்தான். அவரும் ஒரு மலையிலிருந்து இறங்கித்தான் அந்தக் கட்டடத்துக்குள் போனார். இளமைக் காலத்தின் பெரும்பகுதியை நீலகிரியில் கழித்தவர் அவர். 1870-இல் அங்கேதான் அத்வைதானந்த சபையைத் தொடங்கினார், 1891-இல் அங்கேதான் திராவிட மகாஜன சபை கூடியது. 1892-இல் சென்னை மகாஜன சபையின் மாநாட்டுக்கு நீலகிரியின் பிரதிநிதியாகப் போனார். மாநாடு நடந்த இடம் விக்டோரியா டவுன் ஹால். இன்று அதை விக்டோரியா பொது மன்றம் என்கிறோம்.

அந்தக் கட்டடத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் கடந்தும் போயிருப்பீர்கள். ரிப்பன் மாளிகையின் வெள்ளைக்குப் பக்கத்தில் சிவப்பாக நிற்பது. மெட்ரோ ரயில் வேலைக்காகத் தகரத் தடுப்பு அடித்திருந்த ஆண்டுகளில் கோபுரத்தின் உச்சி மட்டும்தான் சாலைக்குத் தெரியும். ஒரு காலத்தில் அந்த இடம் முழுவதும் பீப்பிள்ஸ் பார்க் என்னும் பெரிய பூங்கா. 'மக்கள் பூங்கா' என்று பெயர் வைத்த வெள்ளைக்காரர்கள் மக்கள் என்று யாரை நினைத்தார்கள் என்பது வேறு விஷயம். அந்தப் பூங்காவில் நகரத்துக்கென்று ஒரு மன்றம் வேண்டும் என்று 1882-இல் ஊர்ப் பெரிய மனிதர்கள் பச்சையப்பன் மண்டபத்தில் கூடிக் குழு அமைத்தார்கள். 1883 டிசம்பர் 17 அன்று விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டினார். சமஸ்தானங்களும் ஜமீன்களும் வணிக நிறுவனங்களும் பணம் தந்தன. வரைபடம் போட்டவர் ராபர்ட் சிஸம். கட்டியவர் நம்பெருமாள் செட்டி. விக்டோரியா மகாராணி பட்டமேறி 50 ஆண்டு நிறைந்ததை ஒட்டி அவர் பெயரை வைத்தார்கள். 1880களின் முடிவில் மன்றம் திறந்தது.

சிஸத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டடக் கலை படிக்கிற மாணவர்கள் இரண்டு பேர் இங்கே இருக்கிறார்கள், அவர்களுக்காக. திருவனந்தபுரத்தில் நேப்பியர் அருங்காட்சியகத்தைக் கட்டியவரும் அவர்தான். அங்கே மலையாள நாட்டுச் சரிவுக் கூரையை நெருங்கிப் பார்த்தவர். விக்டோரியா மன்றத்தின் சதுரக் கோபுரத்துக்குமேல் அந்தக் கூரையைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். கீழே பார்த்தால் ஐரோப்பியத் தேவாலயங்களை நினைவூட்டும் அரைவட்ட வளைவுகள். வடக்கிலும் தெற்கிலும் மெலிந்த கல்தூண்கள் தாங்கும் தாழ்வாரங்கள். கூரை விளிம்பில் சுட்ட மண்ணில் செய்த வேலைப்பாடு, தூரத்திலிருந்து பார்த்தால் அரபு எழுத்துப் போலத் தோன்றும். மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு கூடங்கள், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 600 பேர் அமரலாம். கிழக்குப் பக்கம் மரத்தாலான மாடம், அதில் இன்னும் 200 பேருக்குமேல் கொள்ளும். வெயில் சுவரில் நேராக விழாமல் தாழ்வாரம் தடுக்கிறது. உயரமான கூரை சூட்டை மேலே வாங்கிக்கொள்கிறது. மின்விசிறி வராத காலத்தில் சென்னை வெக்கையில் 600 பேர் உட்கார்ந்து மூன்று மணி நேரம் நாடகம் பார்க்க வேண்டுமானால் இவையெல்லாம் வேண்டும். நல்ல கட்டடம் அது. நல்லதை நல்லது என்று சொல்வதில் எங்களுக்குத் தயக்கமில்லை. ரோமும் கேரளமும் அரபு நாடும் ஒரே சுவரில் சண்டையில்லாமல் இருக்கின்றன. செங்கல்லுக்குள் எல்லோருக்கும் இடம் கொடுத்துவிட்டார் சிஸம். செங்கல் சுமந்தவர்களுக்கு உள்ளே இடம் உண்டா என்பது அவர் கையில் இருந்த விஷயம் இல்லை.

அந்த நிலத்தின் கணக்கையும் பாருங்கள். பூங்கா நிலத்தில் 57 கிரவுண்டை, அதாவது மூன்று ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலான இடத்தை, 99 ஆண்டுக் குத்தகைக்கு மாநகராட்சி கொடுத்தது. கிரவுண்டுக்கு ஆண்டுக்கு எட்டணா. ஆக மொத்தம் ஆண்டுக்கு இருபத்தெட்டரை ரூபாய். பொது நிலம், பெரிய மனிதர்களின் குழு, எட்டணா வாடகை. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சற்றுப் பொறுத்து அதற்கு வருவோம்.

மன்றத்தின் புகழ் நாடகத்தால் வந்தது. 1891-இல் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் சுகுண விலாச சபையைத் தொடங்கினார்கள். பின்னர் பல ஆண்டுகள் விக்டோரியா மன்றமே அந்தச் சபையின் வீடாக இருந்தது. மனோகரா போன்ற நாடகங்கள் அங்கே மேடையேறின. வழக்கறிஞர்கள் நடித்தார்கள். பின்னாளில் காங்கிரஸ் தலைவரான சத்தியமூர்த்தி நடித்தார். பெண் வேடத்தையும் ஆண்களே போட்டார்கள். ரங்கவடிவேலு பெண் வேடத்தில் வந்தால் கூட்டம் மயங்கியதைச் சம்பந்தனாரே தம் நாடக மேடை நினைவுகளில் எழுதியிருக்கிறார். 1890களின் பிற்பகுதியில் சலனப்படம் சென்னைக்கு வந்தபோது அதைக் காட்டிய முதல் இடங்களில் இந்த மன்றமும் ஒன்று. விவேகானந்தர் பேசியிருக்கிறார். காந்தியும் கோகலேயும் பேசியிருக்கிறார்கள்.

தமிழ் நாடகத்துக்குச் சம்பந்தனார் செய்ததைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். உரைநடை வசனத்தை மேடையில் நிலைநிறுத்தியவர் அவர். ஆனால் அந்த மன்றம் அவருக்கு என்ன கொடுத்தது என்று யோசித்துப் பாருங்கள். அதே காலத்தில் ஊர் ஊராகக் கொட்டகை போட்டு நடித்தவர்களுக்குக் 'கூத்தாடி' என்று பெயர். தெருவில் விடிய விடிய அடவு வைத்து ஆடியவர்களுக்கும் அதே பெயர். முகத்தில் அதே அரிதாரம், தலையில் அதே அட்டைக் கிரீடம். வழக்கறிஞர் அதைப் பூசிக்கொண்டு சிஸத்தின் கூரைக்குக் கீழே நின்றால் அது கலை ஆகிவிடுகிறது, அமெச்சூர் என்று அதற்கு ஆங்கிலத்தில் ஒரு மரியாதைப் பெயரும் வந்துவிடுகிறது. மாறியது கூரை மட்டும்தான். ஒரு கட்டடம் சுவரும் தூணும் மட்டுமே என்று நினைக்கிற மாணவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

இனி 1892. மன்றம் திறந்து நான்கைந்து ஆண்டுதான் ஆகியிருந்தது, சுண்ணாம்பு வாசனைகூடப் போயிருக்காது. நடந்ததைப் பண்டிதர் பின்னாளில் தம்முடைய தமிழன் இதழில் எழுதியிருக்கிறார். மாவட்டப் பிரதிநிதிகள் ஒவ்வொருவராகக் கோரிக்கை வைத்தார்கள். பண்டிதர் எழுந்தார். சிவன் கோயிலும் விஷ்ணு கோயிலும் எல்லோருக்கும் பொது என்கிறீர்களே, எங்கள் மக்களை உள்ளே விடாமல் தடுப்பது ஏன் என்று கேட்டார். அவையில் கூச்சல் எழுந்தது. தஞ்சாவூர்ப் பிரதிநிதி சிவநாம சாஸ்திரி எழுந்து, உங்கள் கூட்டத்துக்கு மதுரை வீரன், காட்டேரி, கருப்பண்ணன் என்று தனித் தெய்வங்கள் உண்டு, சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு உரியவர்கள் அல்லர் என்ற பொருளில் பதில் சொன்னார். அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம் என்றார் பண்டிதர். அதோடு உட்காரவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வி கொடுங்கள், கிராமங்களில் தரிசாகக் கிடக்கும் நிலத்தை எங்கள் மக்களுக்குக் கொடுங்கள் என்று அடுத்த கோரிக்கைகளை வைத்தார். அவற்றைச் சபை ஏற்றுக்கொண்டது.

சாஸ்திரியின் பதிலை நாங்கள் பலமுறை படித்திருக்கிறோம். அதில் வசவு இல்லை. அடிக்கவில்லை, வெளியே போ என்றும் சொல்லவில்லை. உனக்குத் தனியாக வைத்திருக்கிறோமே, அங்கே போ என்கிறார். தனித் தெய்வம், தனிக் கிணறு, தனிச் சுடுகாடு, தனி டம்ளர். 'நகரத்தின் பொது மன்றம்' என்று பெயர் வைத்துக்கொண்ட கூரைக்குக் கீழே நின்று ஒருவர் பொது என்பதற்குக் கணக்குக் கேட்டபோது வந்த பதில் இது. அந்த மன்றத்தில் நடந்த நாடகங்களின் பட்டியல் எடுத்தால் நூற்றுக்கணக்கில் வரும். எங்களைக் கேட்டால், அங்கே நடந்தவற்றுள் முதலில் வைக்க வேண்டிய காட்சி இதுதான் என்போம். திரையும் இல்லாமல் வேடமும் இல்லாமல் நடந்த காட்சி.

அடுத்து, தரிசு நிலம். மூன்று ஏக்கர் பொது நிலத்தை எட்டணாக் கணக்கில் பெற்றுக் கட்டிய மன்றத்துக்குள் நின்றுகொண்டு, சும்மா கிடக்கிற நிலத்தைக் கொடுங்கள் என்று பண்டிதர் கேட்கிறார். அதே 1892-ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று வருவாய்த் துறையின் 1010-ஆம் எண் அரசாணை வந்தது. செங்கல்பட்டு மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையைப் பற்றி அந்த மாவட்டத்தின் ஆட்சியர் டிரெமன்கீர் எழுதிய அறிக்கையை ஒட்டி வந்த ஆணை அது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்று சொல்வதற்கு வேர் அங்கே இருக்கிறது. பண்டிதர் கேட்டதால்தான் ஆணை வந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் கோரிக்கை அந்த மேடையில் ஒலித்தது, ஆணை அதே ஆண்டில் வந்தது. பிறகு அந்த நிலங்கள் எப்படிக் கைமாறின என்பது இந்த அவைக்குத் தெரியும். 1994 அக்டோபர் 10 அன்று காரணையில் பஞ்சமி நிலம் கேட்ட போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். மன்றத்தின் குத்தகை 99 ஆண்டு ஓடி முடிந்தது. நமக்கு எழுதிக்கொடுத்த நிலத்தில் எவ்வளவு நம் கையில் நின்றது?

பறைக்குத் திரும்புவோம்.

சில ஆண்டுகளுக்குமுன் ஒரு பெரிய நகரத்தில் எங்கள் ஆண்டு விழாவுக்கு நல்ல அரங்கம் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். எந்த அரங்கம் என்பது இங்கே முக்கியமில்லை. முன்பணம் கட்டி, விதிமுறைத் தாளில் கையெழுத்துப் போட்டு, பறைகளோடு போய் இறங்கினோம். மேலாளர் தன்மையானவர்தான். உள்ளே நெருப்பு மூட்டக் கூடாது என்றார். திரைச்சீலை, நாற்காலி மெத்தை, ஏசி எல்லாம் இருக்கிற இடத்தில் நெருப்பு மூட்ட விட முடியுமா? அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் பறையைக் காய்ச்சாமல் அடிக்க முடியாது. வேப்பமரச் சட்டத்தில் இழுத்து ஒட்டிய கன்றுத் தோல் அது. வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்தி அனல் காட்டினால்தான் தோல் இறுகும், தோல் இறுகினால்தான் குரல் வரும். வாகனம் நிறுத்துகிற இடத்தில் மூட்டலாமா என்றோம், காவலாளி விடவில்லை. கடைசியில் அரங்கத்தின் பின்சந்தில் ஒரு டீக்கடைக்கார அக்கா, "இங்க காட்டிக்கங்கப்பா" என்று அடுப்பை விட்டுக்கொடுத்தார். காய்ச்சிய பறைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து மேடையேறினோம். இரண்டாவது அடி முடிவதற்குள் ஏசிக் குளிரில் தோல் தளர்ந்துவிட்டது. அடிக்குச்சி ஒன்று சொல்கிறது, சிண்டுக்குச்சி ஒன்று சொல்கிறது, தோல் எதையும் சொல்லவில்லை. மூடிய சுவர்களில் பட்டுத் திரும்பிய ஓசை வேறு ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது. முன்வரிசையில் எங்கள் விருந்தினரே காதைப் பொத்திக்கொண்டார். "பறை அரங்கத்துக்கு ஏற்ற கருவி இல்லை" என்று கூட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர் ஆறுதலாகச் சொன்னார்.

அன்று எங்களுக்குப் பதில் தெரியவில்லை, தலையாட்டிவிட்டு வந்துவிட்டோம். இப்போது கேட்கிறோம். அந்த அரங்கத்துக்கு யார் கணக்குப் போட்டது? ஒருவர் உட்கார்ந்து பாட, இருவர் பக்கவாத்தியம் வாசிக்க, ஆயிரம் பேர் அசையாமல் இருட்டில் உட்கார்ந்து கேட்க என்று அளவெடுத்துக் கட்டியது அது. மிருதங்கத்துக்கு ரவை பூசி மெருகேற்ற மேடைக்குப் பின்னால் அறை இருக்கிறது. பறைக்கு அனல் காட்ட ஒரு முற்றம் வேண்டும் என்று எந்தப் பொறியாளரிடமும் யாரும் சொன்னதில்லை. நம் கருவிக்குக் குறை இருப்பதாகச் சொல்லப்படும் இடங்களில் பலவும் இப்படித்தான், கட்டடத்தின் குறை நம் தலையில் எழுதப்படுகிறது. இப்போது நெருப்பே வேண்டாத செயற்கைத் தோல் பறைகள் வந்துவிட்டன. எங்கள் தோழர்களில் பாதிப் பேர் அதைத்தான் வாங்குகிறார்கள். மழைக்காலத்துக்கு வசதிதான். நாங்கள் அதற்கு எதிரி இல்லை. ஆனால் அரங்கத்துக்காகக் கருவி மாறிக்கொண்டே இருக்க வேண்டுமா, ஒரு முறையாவது கருவிக்காக அரங்கம் மாறுமா என்று கேட்டுவைக்கிறோம்.

கூத்துக்கு என்ன தேவை என்று பாருங்கள். மந்தையில் நான்கு கம்பம் நட்டு, பின்பாட்டுக்காரர்கள் உட்கார ஒரு பெஞ்சைப் போட்டால் களம் தயார். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையில் திரையைப் பிடித்துக்கொள்ள, அதற்குப் பின்னால் வேடக்காரர் வந்து நிற்பார். சனம் மூன்று பக்கமும் தரையில் உட்காரும். தூங்குகிற பிள்ளை தூங்கும், கட்டியங்காரன் வந்தால் எழுந்துகொள்ளும். விடியும்போதுதான் முடியும். அந்தக் களத்தை யாரும் கட்டடக் கலைப் புத்தகத்தில் சேர்ப்பதில்லை. மறுநாள் காலை கம்பத்தைப் பிடுங்கிவிட்டால் மிஞ்சுவது குழி மட்டுமே என்பதால் அங்கே எதுவும் இருந்ததில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அளவு இருக்கிறது, திசை இருக்கிறது, வரிசை இருக்கிறது. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும், அந்த மந்தையும் நமக்குப் பொதுவாக இருந்ததில்லை. ஊர்க் கூத்தைத் தள்ளி நின்று பார்த்த பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் நாங்கள். தெரு எல்லோருக்கும் திறந்திருந்தது என்று நாட்டார் கலை ஆர்வலர்கள் எழுதும்போது எங்களுக்குச் சிரிப்பு வருகிறது.

இடம் மறுக்கப்பட்டவர்கள் இடத்தை உண்டாக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் மரியன் ஆண்டர்சன் என்ற கறுப்பினப் பாடகிக்கு வாஷிங்டனில் கான்ஸ்டிட்யூஷன் ஹால் என்னும் பெரிய அரங்கத்தை 1939-இல் மறுத்தார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 9 அன்று லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று அவர் பாடினார். எழுபத்தைந்தாயிரம் பேர் திறந்த வெளியில் நின்று கேட்டார்கள். இங்கே நம்மிடமும் உண்டு. மதுரை அரசரடியில் இறையியல் கல்லூரியின் தலித் ஆதார மையம் தலித் கலை விழாவை நடத்தியது. அங்கே தியாபிலஸ் அப்பாவு, நம் எல்லோருக்கும் 'பரட்டை', பாட்டையும் சாப்பாட்டையும் ஒரே பந்தியில் வைத்தவர். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையை எடுத்துத் தோளில் மாட்டினார்கள். கே.ஏ. குணசேகரன் தன்னானே பாடல்களைக் கல்லூரி மேடைகளுக்குக் கொண்டுபோனார், பலி ஆடுகள் நாடகத்தை எழுதினார். 2018 ஜனவரி 6 அன்று கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் தோழர்கள் முதல்முறை மேடையேறியபோது அது சபா அரங்கம் இல்லை, கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானம். மார்கழி மாதத்துச் சென்னையில், சபாக்களின் மாதத்தில், கானாவும் பறையும் கிட்டாரும் மைதானத்தில் ஒலித்தன.

பண்டிதர் இதையெல்லாம் எப்படிப் பார்த்திருப்பார் என்று ஒரு தோழர் நேற்றிரவு கேட்டார். நேர்மையாகச் சொன்னால், அவர் பறையைக் கொண்டாட நம்மோடு வந்திருப்பார் என்று சொல்ல முடியாது. பறையர் என்ற பெயரையே அவர் ஏற்கவில்லை. பூர்வ பௌத்தர்கள் என்றார், எதிரிகள் இழிவாக்கி வைத்த பெயர் நமக்கு எதற்கு என்றார். ரெட்டைமலை சீனிவாசனோ அதே பெயரைத் தலைப்பாக வைத்து 1893-இல் பறையன் இதழைத் தொடங்கினார். இருவரும் உறவினர்கள். ஒருவர் பெயரை உதறச் சொன்னார், இன்னொருவர் பெயரைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். இன்று பறையை எடுக்க மாட்டேன் என்று சாவு வீட்டு வேலையை உதறுகிற தம்பியும் நம் தம்பிதான், பறையை மேடையில் அடிப்பேன் என்கிற தங்கையும் நம் தங்கைதான். இதில் ஒருவரைச் சரி, ஒருவரைத் தவறு என்று தீர்ப்புச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. அடிக்கிறவர் தாமாக எடுத்தாரா, ஊர் எடுக்க வைத்ததா என்பதைத்தான் பார்க்கிறோம்.

இந்த மலைக்கும் இதில் பங்கு உண்டு. புறநானூற்றில் 152-ஆம் பாட்டு வன்பரணர் பாடியது. காட்டில் ஒரு வேட்டுவன். அவன் விட்ட ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியை, மானை, பன்றியைத் துளைத்து உடும்பில் போய்த் தைக்கிறது. வழியில் வந்த பாணர் கூட்டம் அவன் யாரென்று தெரியாமலே, இவனைப் பாடுவோம் என்று அங்கேயே நின்றுவிடுகிறது. விறலியர் பாட, முழவும் யாழும் தூம்பும் எல்லரியும் ஆகுளியும் பதலையும் இசைக்கின்றன. வேட்டுவன்தான் கொல்லிமலைத் தலைவன் ஓரி. மான் இறைச்சியும் மதுவும் பொன்னும் கொடுத்து அனுப்புகிறான். ஆகுளி என்பதற்குச் சிறுபறை என்று உரைகாரர்கள் பொருள் எழுதியிருக்கிறார்கள். அடுத்த பாட்டில் இன்னும் வேடிக்கை, ஓரி கொடுத்ததைப் பெற்றுப் பசி தீர்ந்த கூட்டம் ஆடவும் பாடவும் மறந்துவிட்டதாம். ஆகக் கொல்லிமலையில் எழுத்தில் பதிவான நிகழ்ச்சிக்கு அரங்கம் காடுதான். அங்கே பறை இருந்தது, எழவு இல்லை. கீழே இறங்கும்போது அந்த நடத்துநரைப் பார்த்தால் இதைச் சொல்ல வேண்டும். அதே புறநானூறு 335-ஆம் பாட்டில் பறையரையும் பாணரையும் துடியரையும் கடம்பரையும் நிலத்துக்குரிய குடிகளாகப் பெயர் சொல்லி மதிக்கிறது. பழைய பெருமை பேசி வயிறு நிறையாது என்பதும் எங்களுக்குத் தெரியும். ஓரியைப் பாடியவர்களின் வழிவந்தவர்கள் எவ்வளவு காலம் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்பதும் தெரியும்.

ஓரியின் பெயரால் ஆண்டுதோறும் ஆடி 17, 18 நாள்களில் இங்கே செம்மேட்டில் அரசு விழா நடக்கிறது. மலையாளி மக்களின் ஆட்டமும் மேடையேறுகிறது. இங்குள்ள தோழர்கள் சொல்வதைத்தான் நாங்கள் திருப்பிச் சொல்கிறோம். அவர்கள் ஆட்டம் வட்டமானது, மேடை செவ்வகமானது. வட்டத்தில் ஆடுகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ஆடுகிறார்கள். மேடையில் ஏற்றினால் பாதிப் பேர் விருந்தினர்களுக்கு முதுகு காட்ட வேண்டும், காட்டக் கூடாது என்பதால் வரிசையாக நிற்க வைக்கிறார்கள். வட்டம் போய்விடுகிறது. பறைக்கு நெருப்பு எப்படியோ அவர்களுக்கு வட்டம் அப்படி. மேடைக்குக் கீழே தரையில் ஒரு வட்டக் களம் விட்டு, சுற்றிலும் சனம் உட்காரச் செய்தால் போதும். அதற்குப் பெரிய செலவில்லை. இந்தக் கோரிக்கையை இந்த மக்கள் வைக்கும்போது நம் அமைப்பும் கையெழுத்திட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

விக்டோரியா மன்றத்துக்கு வருகிறோம். பல ஆண்டுகள் வழக்கும் பூட்டுமாகக் கிடந்த கட்டடத்தைச் சீரமைக்க 2023-இல் சென்னை மாநகராட்சி 32 கோடி ரூபாய்க்கும் மேல் செலவில் பணியைத் தொடங்கியது. சுண்ணாம்புச் சாந்தும் செங்கல்லும் பழைய முறையில் மீண்டது மகிழ்ச்சிதான். அதே 2023-இல் டிசம்பர் 1 அன்று கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் பண்டிதருக்கு மணிமண்டபமும் சிலையும் திறந்தார்கள். அதையும் வரவேற்றோம், போய் மாலை போட்டோம். ஆனால் சிவநாம சாஸ்திரியின் பதில் நமக்கு மறக்கவில்லை. உங்களுக்குத் தனியாக வைத்திருக்கிறோமே என்ற பதில். பண்டிதருக்குத் தனி மண்டபம் கிடைத்தால் மட்டும் போதாது, அவர் கேள்வி கேட்ட பொது மன்றத்தின் சுவரிலும் அவர் பெயர் இருக்க வேண்டும். சிஸத்தின் பெயரும் மகாராஜாவின் பெயரும் சம்பந்தனாரின் பெயரும் இருக்கிற வரிசையிலேயே. 1892, மகாஜன சபை மாநாடு, கோயில் நுழைவு, இலவசக் கல்வி, தரிசு நிலம் என்று நான்கு வரி எழுதினால் போதும். பள்ளிப் பிள்ளைகள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு அந்த நான்கு வரியையும் படித்துவிட்டுப் போகட்டும்.

மாநகராட்சிக்கு எழுதிய கடிதத்தின் நகல் வாசலில் மேசைமேல் இருக்கிறது. படித்துப் பார்த்து, சம்மதம் இருப்பவர்கள் கையெழுத்துப் போடுங்கள். அதில் இரண்டாவது கோரிக்கை ஒன்று உண்டு, மன்ற வளாகத்தில் பறைக் குழுக்கள் நிகழ்ச்சி நடத்தும்போது தாழ்வாரத்துக்கு வெளியே அனல் காட்ட ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்பது. சின்ன விஷயத்தை எதற்குச் சேர்த்தீர்கள் என்று சில தோழர்கள் கேட்டார்கள். சேர்த்துவிட்டோம்.

வெளியே தம்பிகள் வைக்கோல் கொளுத்திவிட்டார்கள், புகை உள்ளே வருகிறது. மலைப் பனியில் தோல் சீக்கிரம் தளர்ந்துவிடும் என்று இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார்கள். எல்லோரும் களத்துக்கு வாருங்கள். நாற்காலியை எடுத்து வர வேண்டாம், வட்டமாக உட்கார்ந்துகொள்ளலாம். நாமக்கல் போகிற தோழர்கள் மட்டும் கடைசிப் பேருந்து நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜெய்பீம்.